பானெட் மேல் பல்பொடி

உஸ்மானுக்கு லீவு கிடைத்துவிட்டது. குவைத்திலிருந்து அவன் அனுப்பிய குரல் செய்தியை அவன் மனைவி சாதிகா திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுத்த மாதம் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறானாம். வண்டியை எடுத்துக்கொண்டு அவளே வந்து கூட்டிப் போக வேண்டுமாம். "நான் வாங்குன காரை நானே இன்னும் தொட்டுப் பாக்கல சாதிகா" என்று கடைசியில் சொல்லிச் சிரித்திருந்தான். அவளும் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். காலை வெயில் காரின் பானெட்டில் சாய்வாக விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பானெட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். ஆயிரம் சிலந்தி சேர்ந்து வலை பின்னிவிட்டுப் போனது போல் இருந்தது. நிழலில் நிற்கும்போது ஒன்றுமே தெரியாது. வெயில் பட்டதும் அத்தனையும் எழுந்து நின்று பல்லைக் காட்டின.

வெள்ளை வாங்கலாம் என்றுதான் அவள் போன வருஷம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். உஸ்மான் கேட்கவில்லை. கருப்புதான் கெத்து என்றான். கெத்து அவனுக்கு, துடைப்பது இவளுக்கு. அவள் செய்யும் வியாபாரமும் அப்படி. பீங்கான் பட்டறைகள் நிறைந்த செராமிக் எஸ்டேட்டில் கப், ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் எடுத்து, வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டி, போனில் கேட்பவர்களுக்குப் பார்சல் அனுப்புகிறாள். எஸ்டேட்டுக்குள் ஒரு நடை போய் வந்தால் கருப்புக் கார் சாம்பல் பூனையாகித் திரும்பும். மாவு போன்ற வெள்ளை மண். மாவு போல இருக்குமே தவிர, விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும்.

அந்த மண்ணைத்தான் மாமனார் அப்துல் குத்தூஸ் தினமும் காலையில் துடைத்தார். சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பானெட்டில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். கடைவீதியில் ஆயுசு முழுக்கப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பித்தளை அண்டாவைத் தேய்த்து முகம் பார்க்க வைத்த கை அது. சும்மா இருக்காது.

"மாமா, தண்ணி ஊத்தாம தொடைக்காதீங்க. மண்ணு தேஞ்சு பெயிண்டு கீறுது" என்றாள் சாதிகா.

"கீறலா? எங்கம்மா கீறல்?" அவர் குனிந்து பார்த்தார். "கண்ணாடியாட்டம் இருக்குது. தூசிதான் போவ மாட்டேங்குது. எவ்ளோ தொடச்சாலும் மங்கலாவே இருக்குது பாரு. உங்க எஸ்டேட்டு மண்ணு அப்படி."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

மறுநாள் அவள் அந்தத் துண்டைத் துவைக்கப் போட்டாள். அவர் பழைய கைலி ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டார். மைக்ரோஃபைபர் துணி வாங்கி வந்து, இதை நனைத்துத் துடையுங்கள் என்று கையில் கொடுத்தாள். "நல்ல துணியா இருக்குதும்மா" என்று அதை மடித்து அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுக் கைலியாலேயே துடைத்தார். உஸ்மான் சாயங்காலம் வீடியோவில் வந்தபோது, "வண்டியப் பத்திக் கவலைப்படாத. நான் இருக்கேன்ல" என்று மகனிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னார். பக்கத்தில் நின்ற சாதிகாவுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. மாமியார் மவுத்தாகி, தனியாகிப்போன மனிதருக்கு இருக்கிற ஒரே காலை வேலை இது. அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது, உங்கள் மகன் காரைக் கீறியது நீங்கள்தான் என்று?

சரி, கீறலையாவது எடுப்போம் என்று ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் பழமலையின் கார் சாமான் கடைக்குப் போனாள்.

பழமலை வாயால் கடை நடத்துகிறவன். கேட்டதைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவான்.

"அக்கா, இதெல்லாம் வேஸ்ட்டு. பேசாம செராமிக் கோட்டிங் போட்டுடுங்க. மூணு வருஷத்துக்குக் கீறலே வுழாது."

"இருக்கற கீறல் போயிடுமா?"

"அது... கீறலை எடுத்துட்டுத்தான் போடணும்."

"அந்தக் கீறலை எடுக்கத்தானே தம்பி ஏதாவது குடுன்னு கேட்டு வந்தேன்?"

"செராமிக் ஊர்ல இருந்துகிட்டு செராமிக் கோட்டிங் இல்லாத காரான்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களாக்கா?"

"செராமிக்காலதாம்பா இந்தக் கதியே" என்றாள் சாதிகா.

அவன் அசரவில்லை. மேல்தட்டில் இருந்து பாட்டில் பாட்டிலாக இறக்கினான். சிவப்பு மூடி, நீல மூடி, பசை, தண்ணி, டப்பாவில் உறைந்த மெழுகு. ஒவ்வொன்றின் மேலும் கீறலே இல்லாத ஒரு கார் சிரித்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றிலும் 'ஸ்க்ராட்ச்' என்ற வார்த்தை இருந்தது. எது கீறலை எடுக்கும், எது கீறலை மறைக்கும் என்று மட்டும் எதிலும் இல்லை. கடைசியில் அவன் ஒரு கருப்பு நிற வாக்ஸைக் கையில் திணித்தான். "கருப்பு வண்டிக்குக் கருப்பு வாக்ஸு. போட்டுப் பாத்துட்டு நீங்களே போன் பண்ணுவீங்க."

போட்டாள். ஒரு மத்தியானம் முழுக்க முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தேய்த்தாள். கார் புது மாப்பிள்ளை போல மின்னியது. ஒரு கீறல் இல்லை. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நான்தான் சொன்னேனே, கீறலே இல்லேன்னு" என்றார் அவர்.

வாரக் கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவினாள். தண்ணீரோடு வாக்ஸும் போனது. சிலந்தி வலை அத்தனையும் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பழமலை சொன்னபடியே அவனுக்குப் போன் பண்ணினாள். அவன் எடுக்கவில்லை.

அன்று இரவு உஸ்மானிடம், சும்மா கேட்பது போல, "கார்ல லேசா கீறல் வுழுந்தா என்னா போடுவாங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள். தூங்கி எழுவதற்குள் போன் நிறைய அவன் அனுப்பிய வீடியோ. ஒருவன் தேங்காய் எண்ணெய் என்றான். ஒருவன் எலுமிச்சம்பழம் என்றான். ஒருவன் வாழைப்பழத் தோலை வைத்துத் தேய்த்துவிட்டு, கார் இருந்த பக்கமே கேமராவைத் திருப்பாமல் 'சூப்பர்' என்றான். பக்கத்து வீட்டு வளர்மதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "இதுக்குப் போயா இவ்ளோ அலைச்சல்? பல்லு தேய்க்கற பேஸ்ட்டப் போட்டுத் தேய்ங்கக்கா. எங்க வூட்டுக்காரரு வண்டிக்கு அதான்" என்றாள். வளர்மதி வீட்டு வண்டி வெள்ளை. அதில் யானையே ஏறிக் கீறினாலும் தெரியாது. சாதிகா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

வளர்மதி சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொண்டவர் வேறொருவர்.

மறுநாள் எஸ்டேட்டில் லோடு எடுத்துவர ஒரு மினி வண்டியில் போயிருந்தாள். திரும்பி வரும்போது வாசலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கார் பானெட்டில் கோலமாவு கொட்டினது போல் பொடி. அதன் மேல் அப்துல் குத்தூஸ் இரண்டு கையாலும் கைலித் துணியை அழுத்திப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேர்த்து வழிந்தது. பக்கத்தில் பல்பொடி டப்பா திறந்து கிடந்தது.

"மாமா! என்னா பண்றீங்க?"

"நீ கீறல் கீறல்னு கவலைப்படறியே, அதான். பேஸ்ட்டு எல்லாம் வழவழன்னு இருக்கும், புடிக்காதும்மா. கடையில வெள்ளிச் சாமானுக்கு நாங்க பல்பொடிதான் போடுவோம். எப்பேர்ப்பட்ட கறுப்பும் போயிடும்."

"அது வெள்ளி மாமா! இது பெயிண்டு!"

ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரை எடுத்துப் பானெட்டில் கொட்டினாள். பொடி கரைந்து போனது. நடுவில் ஒரு தாம்பாளத் தட்டு அளவுக்குப் பெயிண்ட் பளபளப்புச் செத்து, மூச்சுவிட்ட கண்ணாடி போலப் புகைமூட்டமாய்க் கிடந்தது. கையால் தடவினாள். சொரசொரவென்றிருந்தது.

இத்தனை நாள் கடித்த பல் அன்றைக்குத் திறந்துகொண்டது. "வேணாம் வேணான்னு எத்தனை வாட்டி சொன்னேன் மாமா? துண்டை எடுத்தா கைலி. துணி வாங்கிக் குடுத்தா அலமாரியில. இப்ப பல்பொடி. அவரு வந்து பாத்தா என்னைத்தானே கேப்பாரு, என்னா வண்டி வெச்சிருக்கேன்னு? பாருங்க, நீங்களே பாருங்க, எப்படி ஆயிட்டுதுன்னு!"

அப்துல் குத்தூஸ் கையில் துணியோடு நின்றார். மருமகள் குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. "நல்லாத்தானேம்மா இருக்குது" என்றார் மெல்ல.

"நல்லா இருக்குதா?" அவள் போனில் டார்ச்சைப் போட்டு, புகை படிந்த இடத்தில் பிடித்தாள். "இதோ. இது நல்லாவா இருக்குது?"

அவர் குனிந்தார். பார்த்தார். ஆனால் வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் கருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. கொஞ்சம் தெரியுது" என்றார்.

சாதிகா டார்ச்சை நகர்த்தி, கீறலே இல்லாத முன்கண்ணாடியின் ஓரத்தில் வைத்தாள். "இங்க தெரியுதா மாமா?"

"தெரியுது, தெரியுது. நிறைய இருக்குது."

"இது கண்ணாடி மாமா."

அவர் கைலித் துணியை நான்காக மடித்தார். பிறகு பிரித்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"நோம்புக்கு முன்னாடியே. முதல்ல வலது கண்ணு. இப்ப ரெண்டும். எதைப் பாத்தாலும் புகை போட்டாப்புல இருக்குது. எதிர்ல லைட்டு வந்தா பூப்பூவா வெடிக்குது." பானெட்டைத் தடவிக்கொண்டே, "வண்டி எப்பவும் தூசியாவே தெரியும்மா. அதான் தொடச்சுகிட்டே இருந்தேன்" என்றார்.

சாதிகா வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். தூசி காரில் இல்லை. அவர் கண்ணில் இருந்திருக்கிறது. இல்லாத தூசியை மனிதர் ஆறு மாதமாகத் துடைத்திருக்கிறார்.

"இந்தக் கண்ணை வெச்சுகிட்டா மொபெட்டுல பஜாருக்குப் போயிட்டு வரீங்க? லாரி போற ரோட்டுல?"

"ஓரமாத்தான் போறேன்."

"ஓரம் தெரியுதா?"

"உஸ்மான் கிட்ட சொல்லிடாதம்மா" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி வரான். அத்தாவுக்குக் கண்ணு, ஆஸ்பத்திரின்னு லீவு பூரா அலைஞ்சுட்டு அப்படியே பிளைட் ஏறிடுவான். அவன் போன பொறவு பாத்துக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கார் ஞாபகமே போய்விட்டது. எழுந்து போய் மொபெட் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டாள். "அவரு வந்த பொறவும் இல்ல, போன பொறவும் இல்ல. நாளைக்கே போறோம்" என்றாள்.

புகை படிந்த அதே பானெட்டோடு அந்தக் காரில்தான் அவரைப் புதுச்சேரிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண்புரை, நன்றாக முற்றிவிட்டது என்றார்கள். முதலில் வலது கண்ணுக்குச் செய்வோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரமே ஆபரேஷன் முடிந்தது. கருப்புக் கண்ணாடி போட்டு, குனியக் கூடாது, கண்ணில் தண்ணி படக் கூடாது, தொழுகை நாற்காலியில் உட்கார்ந்துதான் என்று அனுப்பினார்கள். அப்துல் குத்தூஸ் கருப்புக் கண்ணாடியோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, சொட்டு மருந்து போடும் நேரமெல்லாம், "வண்டியக் கழுவுனியாம்மா?" என்று கேட்டார்.

உஸ்மான் வர ஒன்றரை வாரம்தான் இருந்தது. சாதிகா மறுபடி பழமலை கடைக்குப் போனாள். இந்தத் தடவை அவன் பேசுவதற்கு முன்னால் அவள் பேசினாள்.

"தம்பி, மினுமினுப்பு வேணாம். மறைக்கறது வேணாம். கீறலை நெசமாவே எடுக்கறது வேணும். கையால தேய்க்கறாப்புல. ஒரு டப்பா விடாம எல்லாத்தையும் கீழ இறக்கு, நான் படிச்சுப் பாக்கணும்."

"கையாலயா? மிஷின் இல்லாம தோளு கழண்டுடும் அக்கா."

"என் தோளு. நீ இறக்கு."

கல்லா மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, பொடி எழுத்தையெல்லாம் நின்று படித்தாள். பழமலை கொட்டாவி விட்டான். இரண்டு பேர் ஹார்ன் வாங்கிக்கொண்டு போனார்கள். படிக்கப் படிக்கத்தான் பிடிபட்டது. பெயிண்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் வார்னிஷ் போல ஒரு பூச்சு இருக்கிறது. துணி போட்ட கீறல் அந்தப் பூச்சில்தான் கிடக்கிறது. அதை இம்மியளவு இழைத்துச் சமமாக்கினால் கீறல் போகும். ரப்பிங் காம்பவுண்ட் என்பது அரம் மாதிரி, வேகமாக அறுக்கும், ஆனால் தன் தடத்தை விட்டுவிட்டுப் போகும். பாலிஷ் என்பது நைசானது, மெதுவாக எடுக்கும், தடம் விடாது. வாக்ஸ் எதையும் எடுக்காது, மேலே போர்த்திவிடும், அவ்வளவுதான். நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டுகிற கீறலுக்கு இது ஒன்றும் கேட்காது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீங்க கேக்கலியேக்கா" என்றான் பழமலை. அவன் தலையில் அந்த ஹார்னாலேயே போடலாமா என்று இருந்தது.

நைஸ் பாலிஷ் ஒரு பாட்டில், பல்பொடி பட்ட இடத்துக்கு மட்டும் காம்பவுண்டில் இருப்பதிலேயே சின்ன டப்பா, தேய்க்க இரண்டு வட்டப் பஞ்சு, துடைக்கத் துணி. அவன் எடுத்து வைத்த மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு வந்தாள்.

வெயில் ஏறுவதற்கு முன், தகரம் சில்லென்றிருக்கும்போது, ஒவ்வொரு காலையும் ஒரு பாகம். முதலில் நன்றாகக் கழுவி உலர்த்துவது. பஞ்சில் பட்டாணி அளவு பாலிஷ். கதவின் அடியில், யார் கண்ணும் படாத மூலையில் முதலில் தேய்த்துப் பார்த்தாள். டார்ச் அடித்தாள். கீறல் பாதி மங்கியிருந்தது. இன்னொரு தடவை. முக்கால்வாசி போயிருந்தது. வட்டம் போடாமல், மேலும் கீழும், பிறகு இடமும் வலமுமாகத் தேய்க்க வேண்டியிருந்தது. கையோ பழக்கதோஷத்தில் வட்டத்துக்குத்தான் போனது. மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை. பல்பொடி இடத்துக்குக் காம்பவுண்ட் போட்டாள். சொரசொரப்பு போய் அரத்தின் தடம் வந்தது. அதன் மேல் பாலிஷைப் போட்டுத் தேய்த்தாள். தாம்பாளம் சுருங்கித் தட்டாகி, தட்டு சாஸராகி, கடைசியில் ஒரு லேசான நிழல் மட்டும் மிஞ்சியது. அது போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கருப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, அப்துல் குத்தூஸ் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "இந்தச் சொவரு எப்பம்மா இவ்ளோ அழுக்காச்சு?" "ஃபேன்ல இது என்னா, ஒட்டடையா?" "இந்த டீ கிளாஸ கழுவுனியா, சும்மா தண்ணி காட்டுனியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாதிகா எல்லாவற்றுக்கும் ம் என்றாள். பிறகு அவர் வாசலுக்குப் போனார். காரைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கக் கைப்பிடியிடம் நின்றார். கைப்பிடிக்குப் பின்னால் இருந்த குழியில் குத்துக் குத்தாக ஐந்தாறு கீறல்.

"இதைப் பாக்கலியாம்மா? நகம் மாட்டுது பாரு" என்றார். "யாரு போட்டது இப்படி?"

சாதிகா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் வளையல் போய் இடிக்கிற இடம் அது.

"நான்தான் மாமா" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார் போலிருக்கிறது. "இளைச்சுட்டியேம்மா" என்றார்.

திருச்சி ஏர்போர்ட்டில் உஸ்மான் வெளியே வந்ததும் அத்தாவைக் கட்டிக்கொண்டான். வலது கண் லேசாகச் சிவந்திருந்ததைப் பார்த்து, கண்ணில் என்ன என்று உடனே கேட்டான். "எல்லாம் முடிஞ்சுது, மாஷா அல்லாஹ். உம் பொண்டாட்டி பாத்துகிட்டா. இன்னொரு கண்ணு நீ போன பொறவுதான், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் பெரியவர். உஸ்மான் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிகளை எடுத்து டிக்கியில் வைத்தான். காரை ஒரு பார்வை பார்த்தான். சாதிகா பானெட்டைப் பார்த்தாள்.

"ஏசி நல்லா குளுருதா?" என்று கேட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அவ்வளவுதான். அவள் தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவை வேண்டிய அளவுக்கு மேலேயே ஓங்கிச் சாத்தினாள். பெரம்பலூர் தாண்டுவதற்குள் அவன் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

பின் சீட்டில் அப்துல் குத்தூஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வந்த ஒவ்வொரு போர்டையும் உரக்கப் படித்தார். உர மூட்டை விளம்பரம், டயர் கடை, கல்யாண மண்டபம், எதையும் விடவில்லை. நீண்ட பெயர்களை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கார் தாண்டிவிட்டால், "கொஞ்சம் மெதுவா போம்மா" என்றார். தலைவலிக்கு ஒரு டீ குடித்தால் தேவலை என்றிருந்தது சாதிகாவுக்கு.

"வேப்பூர், எட்டு கிலோமீட்டர்" என்று படித்தார் அவர். "சின்ன எழுத்தும்மா அது. தெரியுது."

"தெரியுதா மாமா?" என்று கேட்டபடி சாதிகா வேகத்தைக் குறைத்தாள்.